குடும்பப் படங்களை எந்தத் தளத்தில் வைப்பது? ஏற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் முறை

"15 ஜிபி நிரம்பிவிட்டது, இனி புதிய படங்கள் சேமிக்கப்படாது" என்று ஃபோனில் அறிவிப்பு வந்த பிறகுதான் நம்மில் பலர் வேறு தளம் தேடக் கிளம்புகிறோம். அந்த அவசரத்தில் எது இலவசம், எவ்வளவு இடம் என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டு, பத்து வருடப் படங்களையும் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றிவிடுகிறோம்.

கேட்டிருக்க வேண்டியவை வேறு. நாளைக்கு இந்தத் தளத்தை விட்டுக் கிளம்பினால் என் படங்கள் தேதியோடும் குறிப்புகளோடும் முழுசாக என் கைக்கு வருமா? எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை நான் தீர்மானிக்க முடியுமா? அழி என்றால் உண்மையிலேயே அழியுமா? விளம்பரப் பக்கங்களில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. ஆனால் இருபது படங்களும் ஒரு வார இறுதியும் கையில் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கணினியில் பெரிய பழக்கம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலைதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

புகைப்படத் தளங்கள் கொடுத்த வாக்குறுதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கோடாக் நிறுவனத்தின் கோடாக் கேலரி 2012 ஜூலையில் மூடப்பட்டு, வாடிக்கையாளர்களின் படங்கள் ஷட்டர்ஃப்ளை என்ற வேறு நிறுவனத்துக்குக் கைமாறின. 2017இல் ஃபோட்டோபக்கெட் திடீரென விதியை மாற்றியது. அங்கே படத்தை வைத்துக்கொண்டு வேறு இணையதளங்களில் காட்ட வேண்டுமென்றால் வருடத்துக்கு 399 டாலர் கட்ட வேண்டும் என்றது. எத்தனையோ பேரின் பழைய பதிவுகளில் படம் இருந்த இடமெல்லாம் வெறும் பெட்டியானது.

ஃப்ளிக்கர் கதை இன்னும் நெருக்கமானது. 2013இல், அப்போதைய உரிமையாளரான யாஹூ ஒவ்வொருவருக்கும் 1 டெராபைட் இலவசம் என்று அறிவித்தது. மக்களும் நம்பி ஏற்றினார்கள். 2018 ஏப்ரலில் ஸ்மக்மக் நிறுவனம் ஃப்ளிக்கரை வாங்கியது. அதே வருடம் நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான் என்றார்கள். அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் முதலில் ஏற்றிய படத்திலிருந்து வரிசையாக அழிப்போம் என்று 2019இன் தொடக்கத்தைக் கெடுவாக வைத்தார்கள். கூகுள் ஃபோட்டோஸும் 2015இல் 'அளவில்லாமல் இலவசம்' என்று தொடங்கியதுதான். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. இப்போது படங்கள், மின்னஞ்சல், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி.

இவர்கள் மோசடி செய்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. படங்களைப் பல வருடம் பாதுகாத்து வைக்கப் பணம் செலவாகும், அதை யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும். விதி மாறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, காலி செய்யும்போது அது எப்படித் திரும்பும் என்று கேட்டுக்கொள்வார் இல்லையா, அதைப் போலத்தான்.

முதல் வேலை: எதற்காகத் தளம் தேடுகிறீர்கள்?

சேமித்து வைக்க வேண்டுமா, ஊருக்குக் காட்ட வேண்டுமா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கூகுள் ஃபோட்டோஸ், ஆப்பிளின் ஐகிளவுட், என்ட்டே போன்றவை உங்கள் படங்களின் கிடங்கு. ஃப்ளிக்கர், இன்ஸ்டாகிராம், பிக்சல்ஃபெட் போன்றவை காட்சிக்கூடம். இம்மிச் மூன்றாவது வகை: உங்கள் வீட்டுக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம். கிடங்கையும் காட்சிக்கூடத்தையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டையும் ஒரே இடத்தில் நன்றாகச் செய்யும் தளத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. குடும்பப் படங்களுக்குக் கிடங்கு ஒன்று, கலை ஆர்வத்தில் எடுக்கும் படங்களுக்குக் காட்சிக்கூடம் ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஒவ்வொரு வகையிலும் இரண்டு தளங்களை எடுத்துச் சோதித்தால் போதும்.

சோதனைப் பை

கணினியில் 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். இருபது படங்கள் போதும். ஆனால் கைக்குக் கிடைத்ததைப் போடக்கூடாது. தளங்கள் எங்கே தடுமாறும் என்று தெரிந்து பொறுக்க வேண்டும்.

இடத்தகவல் (ஜிபிஎஸ்) பதிவாகும்படி ஃபோனில் எடுத்த படங்கள் இரண்டு. ஒன்று வெளியே எடுத்தது, இன்னொன்று வீட்டுக்குள் எடுத்தது. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒரு படம். சில தளங்களில் இது படுத்துக்கொள்ளும். இரண்டு நிமிட வீடியோ ஒன்று. ஐஃபோன் வைத்திருந்தால் ஒரு 'லைவ் ஃபோட்டோ'. அது உண்மையில் ஒரு படமும் ஒரு குட்டி வீடியோவும் சேர்ந்த ஜோடி என்பதால், வெளியே எடுக்கும்போது ஜோடி பிரிந்துபோக வாய்ப்பு அதிகம். வெவ்வேறு ஃபோல்டர்களிலிருந்து ஒரே கோப்புப் பெயர் கொண்ட இரண்டு படங்கள். தமிழில் நீளமாகப் பெயர் வைத்த ஒரு கோப்பு: 'அத்தை வளைகாப்பு திருச்சி வீட்டு மாடியில் எல்லோரும்' என்கிற மாதிரி.

கட்டாயம் சேர்க்க வேண்டியது, ஸ்கேன் செய்த பழைய படம் ஒன்று. தாத்தா பாட்டி கல்யாணப் படமாக இருந்தால் நல்லது. கல்யாணம் 1962இல் நடந்திருக்கும், ஸ்கேன் செய்தது போன மாதமாக இருக்கும். இந்த ஒரு படத்தை ஒரு தளம் எப்படிக் கையாள்கிறது என்பதிலேயே அந்தத் தளத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு படத்தின் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் எத்தனை பைட் என்று துல்லியமாகக் காட்டும். 'விவரங்கள்' பகுதியில் எடுத்த தேதியும் இடமும் இருக்கும்.

ஏற்றிப் பாருங்கள்

கணக்குத் தொடங்கியதும் படங்களை ஏற்றாதீர்கள். முதலில் செட்டிங்ஸ் முழுவதையும் ஒரு சுற்று பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸில் 'ஒரிஜினல் தரம்', 'சேமிப்பிடம் மிச்சப்படுத்தும் தரம்' என்று இரண்டு உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருக்கப்படும், வீடியோ 1080பி தரத்துக்கு இறங்கும். ஐகிளவுடில் உங்கள் சொந்தத் தொகுப்பு முழு அளவில் இருக்கும். ஆனால் அங்கே 'பகிர்ந்த ஆல்பம்' உருவாக்கினால், அதில் போகும் படங்களின் நீளப்பக்கம் 2048 பிக்சலாகக் குறைந்துவிடும். கல்யாண ஆல்பத்தைப் பகிர்ந்துவிட்டோம், எல்லோரிடமும் ஒரிஜினல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமை முழு அளவுப் படத்தைத் தேடிப் போகும் இடமாக நினைக்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால்தான் கோப்பு அப்படியே போகும். ஆனால் அப்படி அனுப்பும்போது படத்துக்குள் இருக்கும் இடத்தகவலும் கூடவே போகும்.

ஏற்றி முடித்ததும், தளத்துக்குள்ளேயே சில வேலைகள் செய்யுங்கள். படங்களை இரண்டு ஆல்பங்களாகப் பிரியுங்கள். ஐந்து படங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுங்கள். தாத்தா பாட்டி படத்தின் தேதியை 1962 என்று திருத்துங்கள். ஒரு படத்தைக் கொஞ்சம் வெட்டி, வெளிச்சம் கூட்டுங்கள். தளத்தில் நீங்கள் செலவழிக்கப் போகும் உழைப்பு இதுதான். வெளியேறும் நாளில் இந்த உழைப்பு திரும்பி வருகிறதா என்பதைத்தான் பின்னால் பார்க்கப்போகிறோம்.

அந்நியர் கண்ணோடு பாருங்கள்

ஒரு ஆல்பத்துக்கு லிங்க் உருவாக்கி, உள்நுழையாத உலாவியில், அதாவது இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். வீட்டில் இன்னொருவர் ஃபோனிலும் திறந்து பாருங்கள். கவனிக்க வேண்டியவை: உங்கள் முழுப்பெயரும் முகமும் தெரிகிறதா? பகிராத மற்ற ஆல்பங்களுக்கு அங்கிருந்து வழி இருக்கிறதா? இறக்கிக்கொள்ளும் பொத்தான் இருக்கிறதா, அதை நீங்கள் நிறுத்தி வைக்க முடியுமா? வீட்டுக்குள் எடுத்த படத்தைத் தட்டினால் வரைபடத்தில் உங்கள் தெரு தெரிகிறதா?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோன் படத்துக்குள் பதியும் ஜிபிஎஸ் தகவல் பெரும்பாலும் சில மீட்டர் துல்லியத்தில் இருக்கும். பிள்ளை பள்ளிச் சீருடையில் வாசலில் நிற்கும் ஒரு படம் போதும், வீடும் தெரிந்துவிடும், பள்ளியும் தெரிந்துவிடும். பக்கத்தில் வரைபடம் தெரியவில்லை என்பதோடு நிறுத்தாமல், அந்நியராக அந்தப் படத்தை இறக்கி அதன் 'விவரங்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள். திரையில் மறைத்துவிட்டு கோப்புக்குள் அப்படியே விட்டுவைக்கும் தளங்களும் உண்டு. ஐஃபோனில் பகிரும் திரையின் மேலே 'ஆப்ஷன்ஸ்' தட்டினால் இடத்தகவலை நீக்கி அனுப்பலாம். கூகுள் ஃபோட்டோஸின் பகிர்வு செட்டிங்ஸிலும் இடத்தை மறைக்கும் விருப்பம் இருக்கிறது.

அடுத்து, லிங்கைத் திரும்பப் பெறும் சோதனை. ஆல்பத்தைப் பகிர்வதை நிறுத்துங்கள். அந்நியர் ஜன்னலைப் புதுப்பித்தால் பக்கம் மறைய வேண்டும். இன்னொன்றும் செய்யுங்கள். நிறுத்துவதற்கு முன்பே ஒரு படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'படத்தைப் புதிய தாவலில் திற' என்று கொடுத்து, அந்த நீண்ட முகவரியைக் குறித்து வையுங்கள். பகிர்வை நிறுத்திய பிறகு அந்த முகவரியை இன்காக்னிட்டோவில் ஒட்டிப் பாருங்கள். ஆல்பம் மூடிய பிறகும் படம் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தால், உங்கள் 'தனிப்பட்டது' என்ற பூட்டு எவ்வளவு பலம் என்று புரிந்துவிடும். மறுநாளும் ஒருமுறை பாருங்கள்.

யார் என்ன செய்யலாம் என்பதை நுணுக்கமாக வகுக்கும் விஷயத்தில் ஃப்ளிக்கரைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். 2004இல் தொடங்கிய அந்தத் தளம் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக எல்லோருக்கும், நண்பர்களுக்கு, குடும்பத்துக்கு, எனக்கு மட்டும் என்று வகுக்க விட்டது. அதற்கு மேல், யார் கருத்து எழுதலாம், யார் குறிச்சொல் சேர்க்கலாம், வரைபடத்தில் இடத்தை யார் பார்க்கலாம் என்பதெல்லாம் தனித்தனி அனுமதிகள். உரிமமும் படத்துக்குப் படம் மாற்றலாம். வேறு தளத்தைச் சோதிக்கும்போது இந்தப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு, இதில் எத்தனை இங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். ஆனால் ஃப்ளிக்கர் இலவசக் கணக்கில் பொதுவில் காட்டாத படங்கள் 50 வரைதான் வைக்கலாம் என்ற வரம்பு இருக்கிறது. 2025 மே முதல், இலவசக் கணக்குகளில் உள்ள படங்களைப் பெரிய அளவில் இறக்கவும் கட்டுப்பாடு வந்துவிட்டது. குடும்பக் கிடங்காக இலவச ஃப்ளிக்கர் இனி பொருந்தாது.

வெளியே எடுத்துப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடும் சோதனை இது. ஒரு தளத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது இங்கேதான் முடிவாகும்.

கூகுளில் இதற்கு 'டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. கணக்கு செட்டிங்ஸில் 'உங்கள் தரவை இறக்குங்கள்' என்ற பகுதி வழியாகப் போகலாம். உள்ளே நுழைந்ததும் எல்லா சேவைகளும் டிக் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கூகுள் ஃபோட்டோஸை மட்டும் டிக் செய்து, அதற்குள் சோதனை ஆல்பங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோப்பு தயாரானதும் மின்னஞ்சல் வரும். அதில் உள்ள லிங்க் சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். மொத்தத் தொகுப்பையும் ஒருநாள் எடுக்கும்போது இந்தக் கெடு முக்கியம். வீட்டு இணைய வேகத்தில் நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரு வாரத்தில் இறக்க முடியுமா என்று இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

ஜிப் கோப்பை விரித்ததும் திகைப்பாக இருக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசான் வகைக் கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். நோட்பேடில் திறந்து பாருங்கள். நீங்கள் தளத்தில் எழுதிய குறிப்பும் திருத்திய தேதியும் இடமும் அதற்குள்தான் இருக்கின்றன. தாத்தா பாட்டி படத்தின் ஜேசானைத் திறந்தால், படம் எடுத்த நேரத்துக்கு எதிரே கழித்தல் குறியோடு ஒரு நீண்ட எண் இருக்கும். கணினி நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளாக எண்ணுகிறது. 1962 அதற்கு முந்தையது என்பதால் கழித்தலில் வருகிறது. பிழை இல்லை.

இப்போது படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'விவரங்கள்' பாருங்கள். நீங்கள் திருத்திய 1962 அங்கே இருக்காது. ஸ்கேன் செய்த தேதி இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. தளத்தில் உட்கார்ந்து நீங்கள் செய்த திருத்தம் படத்துக்குள் எழுதப்படவில்லை, பக்கத்துத் தாளில் மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படத்தைத் தனியாக வேறு தளத்தில் ஏற்றினால் கல்யாணம் போன மாதம் நடந்ததாகக் காட்டும். பத்தாயிரம் படங்களில் இப்படி நேர்ந்தால் வரிசைப்படுத்த ஒரு ஆயுள் வேண்டும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. ஜேசானில் உள்ள தேதியையும் குறிப்பையும் படத்துக்குள் எழுதிவிடும் 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவசக் கருவியை ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் பராமரித்து வருகிறார். கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து, இயக்குவது என்பதால் புதியவர்களுக்குக் கொஞ்சம் கடினம். தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி, பழைய படங்களுக்குத் தேதியும் குறிப்பும் எழுதும் வேலையைத் தளத்தில் செய்யாமல், ஏற்றுவதற்கு முன்பே கணினியில் படத்துக்குள்ளேயே எழுதிவிடுவது. டிஜிகேம் போன்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும், தமிழிலும் எழுதலாம். அப்படி எழுதியது படத்தோடு எங்கும் போகும்.

மற்றவற்றையும் ஒப்பிடுங்கள். தாளில் குறித்த பைட் எண்ணும் திரும்பி வந்த கோப்பின் எண்ணும் ஒன்றுதானா? இரண்டு ஆல்பங்களும் இரண்டு ஃபோல்டர்களாக வந்தனவா? ஒரே பெயருள்ள படங்கள் இரண்டும் வந்தனவா, ஒன்றை மற்றது விழுங்கிவிட்டதா? தமிழ்ப் பெயர் சரியாக இருக்கிறதா, பாதியில் வெட்டப்பட்டதா? டேக்அவுட்டில் நீளமான பெயர்கள் வெட்டப்படுவது வழக்கம். லைவ் ஃபோட்டோவின் ஜோடி சேர்ந்தே இருக்கிறதா?

ஃப்ளிக்கரிலும் கணக்கு செட்டிங்ஸ் வழியாக உங்கள் தரவைக் கேட்டு வாங்கலாம். ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் படங்களின் பிரதியைக் கேட்கலாம். 2021 மார்ச் முதல் அங்கிருந்தே கூகுள் ஃபோட்டோஸுக்கு நேராகவும் அனுப்பலாம், நடுவில் உங்கள் கணினியில் இறக்க வேண்டியதில்லை. வசதியான வழி. ஆனால் பகிர்ந்த ஆல்பங்களும் லைவ் ஃபோட்டோக்களும் விட்டுப்போகலாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. அனுப்பியவுடன் பழைய கணக்கைக் காலி செய்துவிடாதீர்கள்.

இறக்கிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் சட்டப்படி ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் சட்டம், உங்கள் தரவை வேறு இடத்துக்கு எடுத்துப்போகும் உரிமையை வெளிப்படையாகத் தருகிறது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருக்கும் நம் உறவினர்களுக்கு அது துணை நிற்கும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை இருக்கிறது, எடுத்துப்போகும் உரிமை இல்லை. அதனால் இங்கே இருப்பவர்கள் தளம் தரும் வசதியைத்தான் நம்பியாக வேண்டும். இந்தச் சோதனை நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது அதனால்தான்.

அழித்துப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஐகிளவுட் ஃபோட்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐஃபோனில் ஒரு படத்தை அழித்தால், அது எல்லாச் சாதனங்களிலிருந்தும் போய்விடும். கூகுள் ஃபோட்டோஸ் செயலியிலும் அழி என்றால் ஃபோனிலும் போகும், கூகுள் தளத்தில் ஏறிய பிரதியும் போகும். ஃபோனில் மட்டும் இடத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் 'இடத்தைக் காலி செய்' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். சோதனைப் படம் ஒன்றை வைத்து இரண்டையும் செய்து பார்த்துவிட்டால் பிறகு கை தடுமாறாது.

அழித்தவை கூகுளில் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், ஆப்பிளில் 30 நாள். தவறிப்போனதை மீட்க இது உதவும். உண்மையிலேயே ஒழிக்க நினைக்கும் படத்தைத் தொட்டியிலிருந்தும் நீக்க வேண்டும். பகிர்ந்த ஆல்பத்திலிருந்து ஒருவர் தன் தொகுப்புக்குச் சேமித்துக்கொண்ட பிரதி, நீங்கள் அழித்தாலும் அவரிடம் இருக்கும். இதை எந்தத் தளமும் மாற்ற முடியாது.

கணக்கையே மூடினால் எல்லாம் போய்விடும் என்று தளம் சொல்வதை எப்போதும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எவர் என்ற படச் சேமிப்புச் செயலியை நடத்திய எவர்ஆல்பம் நிறுவனம், கணக்கை மூடியவர்களின் படங்களை அழிப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துக்கொண்டிருந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2021 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்தப் படங்களை மட்டுமல்ல, அவற்றை வைத்து உருவாக்கிய முகமறிதல் மென்பொருளையும் நிறுவனம் அழிக்க வேண்டியிருந்தது.

உரிமம் பற்றிய பத்தியை மட்டுமாவது படியுங்கள்

விதிமுறைகள் நாற்பது பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க யாருக்கும் நேரமில்லை. அதில் 'லைசென்ஸ்' என்ற சொல்லைத் தேடி அந்தப் பத்தியை மட்டும் படியுங்கள். எல்லாத் தளங்களும் உங்கள் படத்தைச் சேமிக்கவும் காட்டவும் ஓர் அனுமதியைக் கேட்கும், அது இல்லாமல் அவர்களால் இயங்க முடியாது. பார்க்க வேண்டியது இரண்டு: படத்தை அழித்தால் அந்த அனுமதியும் முடிகிறதா? சேவையை நடத்துவதற்கு மட்டும் என்று வரம்பு இருக்கிறதா, அல்லது விளம்பரம், செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயிற்றுவிப்பது என்று நீள்கிறதா?

காட்சிக்கூடத் தளங்களில் நீங்களே தேர்ந்தெடுக்கும் உரிமமும் உண்டு. மற்றவர்களும் பயன்படுத்திக்கொள்ள முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கோயில் சிற்பத்தையும் ஊர்த் திருவிழாவையும் உலகுக்குக் கொடுப்பது நல்ல காரியம். விக்கிப்பீடியா கட்டுரைகளில் உள்ள எத்தனையோ படங்கள் அப்படி வந்தவைதான். ஆனால் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. மனிதர்களின் முகம் உள்ள படங்களுக்கு யோசித்துக் கொடுங்கள். ஃப்ளிக்கரில் இந்த உரிமத்தில் இருந்த படங்களிலிருந்து சுமார் 10 லட்சம் முகப்படங்களை எடுத்து ஐபிஎம் நிறுவனம் முகமறிதல் ஆய்வுக்கான தொகுப்பாக வெளியிட்டது 2019இல் செய்தியானது. எடுத்தவர்களுக்கும் தெரியாது, படத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது.

கல்யாண ஆல்பத்தை ஏற்றலாமா என்று பலர் தயங்குகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை. ஸ்டூடியோ கொடுத்த ரசீதின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு ஏற்றுங்கள்.

பூட்டி வைப்பதும் வீட்டிலேயே வைப்பதும்

தளத்தை நடத்துகிறவர்கள்கூட உங்கள் படத்தைப் பார்க்க முடியாதபடி முழுக் குறியாக்கம் செய்யும் சேவைகள் உண்டு. என்ட்டே அப்படிப்பட்டது, அதன் மென்பொருள் திறமூலம். ஐகிளவுடிலும் 2022 டிசம்பர் முதல் 'அட்வான்ஸ்டு டேட்டா ப்ரொடெக்ஷன்' என்று தனியாக ஆன் செய்யும் வசதி வந்தது. பிரிட்டனில் அரசின் நெருக்கடியால் 2025 பிப்ரவரியில் ஆப்பிள் அதைப் புதியவர்களுக்குத் தருவதை நிறுத்தியது. லண்டன் உறவினரும் சென்னையில் இருக்கும் நீங்களும் ஒரே ஃபோன் வைத்திருந்தாலும் ஒரே பாதுகாப்பில் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். இந்தச் சேவைகளில் பாஸ்வேர்டையும் மீட்புச் சாவியையும் சேர்த்துத் தொலைத்தால் படங்கள் போனது போனதுதான், நிறுவனத்தாலும் திறக்க முடியாது. மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

இம்மிச் எனக்கு மிகவும் பிடித்தது. தேடல், முக வாரியாகப் பிரித்தல், ஃபோனிலிருந்து தானாக ஏறுதல் எல்லாம் உண்டு, எல்லாம் உங்கள் பெட்டிக்குள்ளேயே நடக்கும். ஆனால் ஹார்டு டிஸ்க் செத்தால் பொறுப்பும் உங்களுடையது. மின்வெட்டும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் உள்ள ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். புதியவர்கள் இதை முதல் தேர்வாக எடுக்க வேண்டியதில்லை.

பிக்சல்ஃபெட்டில், ஒரே நிறுவனத்துக்குப் பதில் பலர் நடத்தும் பல சர்வர்களில் ஒன்றைத் தேர்ந்து சேரலாம். விளம்பரம் இல்லை. சேரும் முன் அந்த சர்வரை யார் நடத்துகிறார்கள், செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அவர்களின் அறிமுகப் பக்கத்தில் பாருங்கள். ஒருவர் கைக்காசில் நடத்துகிறார் என்றால் அவருக்கு முடியாமல் போகும் நாளில் அது நிற்கும்.

தேர்ந்தெடுத்த பிறகு

எந்தத் தளம் சோதனையில் தேறினாலும், ஒரிஜினல்களின் ஒரு பிரதி உங்கள் சொந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும். முடிந்தால் இன்னொரு டிஸ்க் வேறு வீட்டில், தங்கை வீட்டிலோ மகன் வீட்டிலோ. தளம் மூடப்படுவது மட்டும் ஆபத்தில்லை. 2022இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு தந்தை, டாக்டருக்குக் காட்டுவதற்காகத் தன் குழந்தையின் உடல்நிலையை ஃபோனில் படம் எடுத்தார். அது தானாக ஏறி, குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படம் என்று கூகுளின் தானியங்கிச் சோதனையில் சிக்கி, அவர் கணக்கே முடங்கியது. போலீஸ் விசாரித்துத் தவறில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மருத்துவத்துக்காக எடுக்கும் படங்களைத் தானாக ஏறும் ஃபோல்டரில் வைக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் வெளியே எடுங்கள். பொங்கல் விடுமுறை என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது. பயன்படுத்தாத பழைய கணக்கு ஏதாவது இருந்தால் அதையும் அன்றைக்கே திறந்து பாருங்கள். இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. அம்மா பெயரில் தொடங்கிக் கொடுத்துவிட்டு மறந்த கணக்குகளுக்கு இது பொருந்தும்.

கடைசியாக ஒரு செட்டிங். உங்களுக்குப் பின் படங்கள் யாரிடம் போக வேண்டும் என்பதையும் இப்போதே பதியலாம். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற பகுதியில், இத்தனை மாதம் நான் வரவில்லை என்றால் இன்னாருக்குத் தெரிவித்து இந்தத் தரவைக் கொடுங்கள் என்று எழுதி வைக்கலாம். ஆப்பிளில் 'லெகசி காண்டாக்ட்' என்று ஒருவரை நியமிக்கலாம். அப்போது கிடைக்கும் அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் இரண்டும் இருந்தால்தான் அவரால் திறக்க முடியும். அதனால் சாவியை அச்சடித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள், எதற்கு என்றும் சொல்லிவிடுங்கள்.